அவர் எழுதாமல் விட்ட முதல் வரி

அன்புள்ள ரெஜிக்கு அம்மா எழுதுவது.

நேற்றுக் காலை நீ போனில் சொன்ன காரியத்தை நான் இன்னும் செய்யவில்லை. பங்குச் சாமியாரைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாய். போன இரண்டு ஞாயிறும் பூசை முடிகிற நேரத்தில் உன் பெயரையும் அருள் பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கோயிலில் கேட்டாகிவிட்டது. யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை கேட்கப்போகிற சமயத்தில் பெண்ணே தடை சொல்கிறாள். என்ன தடை என்று சாமியார் கேட்டால், மாப்பிள்ளை மூன்று நாளாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று நான் சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் பக்கத்து நியாயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். உன் கம்பெனியில் உன்னைச் சென்னையிலிருந்து புனேவுக்குப் போகச் சொல்கிறார்கள். நீ ஆசைப்பட்ட வேலை. அருளுக்கு மதுரையில் வங்கி உத்தியோகம், சோழவந்தானில் அம்மா, தம்பி, வெற்றிலைக் கொடிக்கால் என்று எல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்த அன்று சாயந்திரம் நீ அவரிடம் கேட்டாய், நான் புனே போனால் நீங்களும் வருவீர்களா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்கப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. நீ நேற்று என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யோசிச்சுச் சொல்ற கேள்வியாம்மா இது? வாரேன்னா வாரேன், இல்லன்னா இல்ல. வாயத் தொறக்கலைல, அதான் பதில்." சொல்லிவிட்டு அழுதாய். நீ அழுது நான் கேட்டே வெகுகாலம் ஆகிறது. அதற்கப்புறம் இரண்டு தரம் நான் கூப்பிட்டேன். அவர் பெயரை எடுத்ததும் வைத்துவிட்டாய்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் உன்னிடம் பேச முடியாது. நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ முடித்துவிடுவாய். பெரும்பாலும் சரியாகவே முடிப்பாய், அதுதான் தொல்லை. தாளில் எழுதினால் நடுவில் குறுக்கிட முடியாது. கடைசிப் பக்கத்துக்குத் தாவலாம். துப்பறியும் கதையைக்கூட நீ அப்படித்தான் படிப்பாய். அதற்கும் வழி பண்ணியிருக்கிறேன். இதை உன் அப்பாதான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார், ஒரு பக்கத்தை நீ படித்து முடித்தது தெரிந்த பிறகு அடுத்தது. அவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை முதலில் அனுப்பினால் எல்லோருக்கும் சோலி முடியும் என்கிறார். நீ யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்பதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

நம் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பா மாடியில் டியூஷனை முடித்துவிட்டு இறங்குவார். நான் அடுப்படியில் தோசைக் கல்லில் நிற்பேன். நீயும் தம்பியும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்பா ஒரு மனக்கணக்குப் போடுவார், முதலில் விடை சொல்கிறவருக்கு முறுகல் தோசை. முறுகல் எப்போதும் உன் தட்டுக்குத்தான் வந்தது. தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெத்துத் தோசையைத் தின்பான். அவனுக்கும் விடை தெரியும், ஆனால் வாய்க்கு வந்து சேர நேரமாகும். அதற்குள் நீ பாதி தோசையை முடித்திருப்பாய். நம் வீட்டில் விடை தெரியாது என்று யாரும் சொன்னது கிடையாது. பேசாமல் இருந்தால் தெரியாது என்று அர்த்தம், அவ்வளவுதான். இப்படி ஒரு அர்த்தம் கணக்கு வாத்தியார் வீட்டில்தான் இருக்க முடியும். மற்ற வீடுகளில் பேசாமல் இருந்தால் கோபம், அல்லது பசி.

ஒரு நாள் அப்பா பஸ் கணக்கு ஒன்று போட்டார். தல்லாகுளத்திலிருந்து சோழவந்தானுக்கு ஒரு பஸ் போகும்போது மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம், அதே வழியில் திரும்பி வரும்போது அறுபது. மொத்தத்துக்கும் சராசரி வேகம் என்ன? அவர் வாயை மூடுவதற்குள் நீ ஐம்பது என்றாய், தட்டையும் நீட்டிவிட்டாய். தப்பு என்றார். நீ தட்டை மடக்கவில்லை. ஐம்பத்திரண்டா, நாற்பத்தைந்தா, ஐம்பத்தைந்தா என்று வரிசையாக வீசினாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒன்றைக் கவனித்தேன். முதல் விடை தப்பு என்று தெரிந்த பிறகும் நீ கேள்விக்குத் திரும்பிப் போகவே இல்லை. விடையிலிருந்து அடுத்த விடைக்குத்தான் தாவினாய். ஐம்பது என்பது இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது. பஸ் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடியது என்று அங்கே யாரும் பஸ்ஸையே பார்க்கவில்லை.

எனக்கு அந்தக் கணக்கு பஸ்ஸாகத்தான் தெரியும். நான் மனசுக்குள் ஏறி உட்கார வேண்டும். தூரம் சொல்லவில்லையே, சரி, இருபத்து நாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது நாற்பதில் போனால் முப்பத்தாறு நிமிஷம். வரும்போது அறுபதில் வந்தால் இருபத்து நாலு நிமிஷம். கூட்டினால் சரியாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் போக வர நாற்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடியாயிற்று. நாற்பத்தெட்டுதான் விடை. மெதுவாகப் போன பாதையில் பஸ் அதிக நேரம் இருந்தது, அதனால் சராசரி மெதுவின் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை நான் கண்டுபிடிக்கும்போது மூன்று தோசை வெந்துவிட்டது. நான் சொல்லத் திரும்பினால் நீங்கள் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். நீ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மாவுக்கு யாருப்பா கணக்கு டீச்சர் வேலை குடுத்தா?" என்றாய். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கேலிதான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது, அதை இப்போது சொல்லிவிடுவதில் தப்பில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த நிதானம் உபயோகப்பட்டது. எங்களை ஒருதரம் பயிற்சி என்று ஓர் அரங்கத்தில் உட்காரவைத்து, பிள்ளைகளின் சிந்திக்கும் முறைகள் என்று அச்சடித்த தாள் கொடுத்தார்கள். அவசரப்படுகிறவர்கள், நிதானிக்கிறவர்கள், படமாக யோசிப்பவர்கள், சொல்லாக யோசிப்பவர்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. அவரவர் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கட்டங்களில் எழுதச் சொன்னார்கள். நானும் எழுதினேன். எழுத எழுத எல்லோரும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதித்தார்கள். இயற்கணிதத்தில் பறக்கிறவள் வடிவியலில் நொண்டுகிறாள். வீட்டில் அவசரக்காரி, பரீட்சையில் ஆமை. கடைசியில் தாளை மடித்து எண்ணெய் வடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஆனாலும் பயிற்சி முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்பு ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால், தப்பு என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவேன். அதற்கப்புறம் எந்த வழியாகப் போய்த் தப்பில் விழுந்தாள் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்தால் இரண்டு பேர் ஒரே மாதிரித் தப்புப் பண்ணுவதே இல்லை. ஒரு வட்டம், அதற்குள் ஒரு நாற்கரம், அதற்குள் மூலைவிட்டங்கள் என்று கோடு கோடாக ஒரு படம் போட்டால், அதில் ஒளிந்திருக்கிற முக்கோணம் ஒருத்தியின் கண்ணில் உடனே படும். இன்னொருத்திக்கு எல்லாம் சேர்ந்து ஒரே சிக்கலாகத்தான் தெரியும். அவளை முட்டாள் என்று சொல்வது சுலபம். அந்த முக்கோணத்தை மட்டும் பக்கத்தில் தனியாக வரைந்து கொடுத்தால், முதல் பெண்ணைவிடச் சுத்தமாக நிரூபணத்தை முடிப்பாள். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு கை வேண்டும். பரீட்சையில் அந்தக் கை கிடையாது. அது வேறு துக்கம்.

உன் வழியும் எனக்குத் தெரியும், நீயும் என் வகுப்பில் உட்கார்ந்தவள்தானே. நிரூபணம் போடச் சொன்னால் நீ கடைசி வரியை முதலில் எழுதுவாய். பக்கத்தின் அடியில் 'எனவே இவ்விரண்டும் சமம்' என்று எழுதிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி வருவாய். மற்ற பிள்ளைகள் எங்கே போகிறோம் என்று தெரியாமல் மேலே நின்று முழித்துக்கொண்டிருக்கும்போது நீ வீட்டுக்கே போய்விட்டு எதிரே வந்துகொண்டிருப்பாய். அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். என் மகள் என்று காட்டிக்கொள்ளாமல், அந்த முறையைப் பலகையில் போட்டு வகுப்புக்கே காட்டியிருக்கிறேன். எனக்கு அதில் பெருமைதான், இப்போதும்.

ஆனால் மாதிரித் தேர்வு ஒன்றில் இரண்டு முக்கோணங்கள் வடிவொத்தவை என்று நிரூபிக்கச் சொல்லியிருந்தது. நீ கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டும் சர்வசமம் என்று கடைசி வரியை எழுதிக்கொண்டாய். அங்கிருந்து ஏறினாய். ஏறுகிற வழியில் இரண்டு பக்கங்கள் சமமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. சமம் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை. நீ சமம் என்று எழுதிவிட்டாய். ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை, அது எனக்குத் தெரியும். முடிவு அங்கே உட்கார்ந்திருக்கிறதே, நடுவில் இதுவும் இருந்துதானே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கும். அந்தப் பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு வரி மட்டும் பொய்.

நேற்று நீ போனில் அடுக்கினாயே, அதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. ஜவுளி எடுக்கப் போன இடத்தில் எந்தச் சேலை என்று கேட்டதற்கு மரம் மாதிரி நின்றார். கல்யாணச் சமையலுக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டால் தட்டிக்கழித்தார். உனக்குப் பதவி உயர்வு வந்ததைச் சொன்னபோது ஒரு வார்த்தை சந்தோஷமாகச் சொல்லவில்லை. எல்லாம் கேட்கச் சரியாக இருந்தது. ஆனால் ரெஜி, அவருக்கு நான் முக்கியமில்லை என்ற கடைசி வரியை நீ முதலில் எழுதிவிட்டாய். அதற்கப்புறம் மேலே ஏறும்போது கைக்கு அகப்பட்டதையெல்லாம் படியாக வைத்திருக்கிறாய். சேலை விஷயத்தை எடுத்துக்கொள். கடைக்குப் போய் வந்த இரண்டாம் நாள் அவர் எனக்குப் போன் பண்ணினார். அந்த மெரூன் சேலையில் பார்டர் கொஞ்சம் சின்னதாக இருந்தால் ரெஜி உயரத்துக்கு எடுப்பாக இருக்கும், அப்படி வேறு இருக்கிறதா என்று கடையில் கேட்டு வைத்திருக்கிறேன் என்றார். நீ அதற்குள் பச்சையை எடுத்து, ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டாய். பாவம், அதைக் கேட்டதும் 'பச்சையும் நல்லாத்தான் இருக்கும் அத்தை' என்று வைத்துவிட்டார். நான் உன்னிடம் அதைச் சொல்ல மறந்துபோனேன்.

இப்போது ஜோதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பார்த்திராத பெண், நீ படித்து முடித்துப் போன பிறகு வந்தவள், செல்லூரிலிருந்து சைக்கிளில் வருவாள். வடிவியல் நிரூபணம் என்றால் முதலில் 'தரவு' என்று எழுதி, கேள்வியில் நமக்குக் கொடுத்திருப்பதை எழுத வேண்டும். அடுத்து 'நிரூபிக்க' என்று எழுதி, காட்ட வேண்டியதை எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றது. ஜோதி தரவை எழுதவே மாட்டாள். எடுத்த எடுப்பில் நடுக் கணக்கில் நிற்பாள். வெகு நேரம் எடுத்துக்கொள்வாள், ஆனால் போட்டால் பிசகாது. முதல் வரி இல்லாததால் திருத்துகிறவருக்கு இவள் எங்கிருந்து கிளம்பினாள் என்றே தெரியாது. எத்தனையோ தரம் மார்க்கைக் குறைத்துப் பார்த்தேன், மாறவில்லை. ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "அதான் குடுத்தாச்சே டீச்சர், அத எதுக்குத் திருப்பிச் சொல்லணும்?" என்றாள். திமிரில்லை. அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. கொடுத்தாகிவிட்டது என்றால் அது தரை. தரையில் நின்றுகொண்டு இது தரை என்று யாராவது எழுதுவார்களா என்பது அவள் கேள்வி.

உன் அப்பாவின் டியூஷனில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அருளும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அப்பா அதே பஸ் கணக்கை அந்தப் பையன்களுக்கும் போட்டார். எல்லோரும் ஐம்பது என்று கத்த, சோழவந்தான் பையன் மட்டும் பேசாமல் இருந்தான். மறுநாள் மாடிப்படியில் அப்பாவை நிறுத்தி, நடுவில் பஸ் நிற்கிற நேரத்தையும் சேர்க்க வேண்டுமா சார் என்று கேட்டான். தினமும் அந்த பஸ்ஸில் வருகிற பையன், அவனுக்கு அது நிஜ பஸ். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வரன் வந்தபோதுகூட, "அட, ஸ்டாப்பிங் கேட்ட மாப்ளையா" என்றுதான் போட்டோவைப் பார்த்தார். நீயும் சிரித்துக்கொண்டேதான் சம்மதம் சொன்னாய், போட்டோவைக் கையில் வாங்கிய அடுத்த நொடி.

இனிமேல் எழுதப்போவது இன்று காலையில் நடந்தது. அருள் வேலைக்குப் போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்தார். அச்சாகி வந்த பத்திரிகைகளில் நம் பக்கத்துக்கு உள்ள கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேலே உன் பெயரும் அவர் பெயரும் தங்க எழுத்தில். நீ எடுத்திருக்கிற முடிவு அவருக்குத் தெரியாது. உன் அப்பா மாடியில் பிள்ளைகளுக்கு வகைக்கெழு சொல்லிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் மட்டும் கீழே கேட்டது. நான் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மந்தமான ஆட்கள் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும், காபி ஆறும். நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்கியிருப்பாய்.

கடைசியில் நான்தான் சொன்னேன், ரெஜி உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து கோபமாக இருக்கிறாள் என்று. ஓலை விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பதில் அத்தை?" என்றார். நடிப்பில்லை, நான் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புனேவுக்கு வருவீர்களா என்று கேட்டாளாமே என்றேன்.

"வாரதுல என்ன அத்தை இருக்கு, வரத்தான போறேன். எப்ப வரலாம், எப்படி வரலாம்னுதான் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்யாணமானபின் மனைவி இருக்கிற ஊருக்கு மாற்றல் கேட்கலாமாம், ஆனால் உடனே கிடைக்காது. கிடைக்கிற வரைக்கும் சம்பளமில்லாத விடுப்பு எவ்வளவு எடுக்க முடியும் என்று தலைமை அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். அவர் அம்மாவுக்கு மூட்டு வலி, மழைக்காலம் முடியும்வரை தம்பி சம்சாரத்தின் துணை போதுமா என்று பேசிப் பார்த்திருக்கிறார். கொடிக்காலைத் தம்பி முழுசாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான், ஆனால் அவனுக்கு மனசில் வருத்தம் இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லையாம். புனேயில் தமிழ்ப் பூசை எந்தக் கோயிலில் என்பது வரைக்கும் விசாரித்தாகிவிட்டது. உனக்காக, ஏனென்றால் நீ இந்திப் பூசையில் கொட்டாவி விடுவாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாலு நாளாக அந்த மனுஷன் பேசாமல் இருந்தது இதைச் செய்துகொண்டுதான். இதையெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். பாதியில் சொன்னால் அப்புறம் மாறிப்போகும், முழுசாக வந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன் என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கேள்வி ஒன்றுதான். நீ அதை நிரூபிக்க வேண்டியதாக வைத்துக்கொண்டு சாட்சி தேடிக்கொண்டிருந்தாய். அவர் அதைத் தரவாக வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். நான் அவரிடம் டீச்சராகவே பேசினேன்: "மாப்பிள்ளை, தரவ எழுதாமக் கணக்குப் போட்டா மார்க்கு போயிரும். அவளுக்கு மொதல்ல மொத வரியச் சொல்லுங்க, மத்தத நிதானமாப் போடுங்க." உடனே புரிந்துகொண்டார். அதாவது அவர் அளவுக்கு உடனே. நான் பார்க்கும்போதே உன்னைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது, நீ எடுக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்புறம் நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது. இதை நான் உன்னிடம் சொல்லவா என்று கேட்டேன். யோசித்து, சொல்லுங்க அத்தை என்றார்.

எழுதியவரைக்கும் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இம்புட்டையும் எழுதினதுக்கு ஒத்த வரி போதும்டி" என்றார். போதாது. ஒற்றை வரியை மட்டும் அனுப்பினால் நீ இந்தத் தடவை சமாதானம் ஆவாய், அடுத்த தடவை அவர் வாயை மூடியதும் மறுபடி கீழே இருந்து மேலே ஏறுவாய். உன்னை நிதானக்காரியாக மாற்ற என்னால் ஆகாது, அவரைப் பட்டென்று பேசவைக்க யாராலும் ஆகாது. உன் அப்பாவும் நானும் இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர் மாற்றவில்லை. அவர் வேகமாகத் தப்பாகச் சொல்வார், நான் மெதுவாகச் சரியாக வருவேன், சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும். ஆனால் நான் பேசாமல் நின்றால் எனக்குத் தெரியவில்லை என்று அவர் இப்போதெல்லாம் நினைப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அது ஒன்றை மட்டும் நீ கற்றுக்கொள்.

ஓலையை நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்தலாம், அது உன் வாழ்க்கை, சாமியாரிடம் நானே போய்ச் சொல்கிறேன். ஆனால் அதற்குச் சனிக்கிழமை சாயந்திரம் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால் நான் போனை எடுக்கமாட்டேன், உன் விடை எனக்கு அவ்வளவு சீக்கிரம் வேண்டாம். அவர் எழுதாமல் விட்டதை நான் என் கையால் எழுதித் தருகிறேன்.

தரவு: அருள் உன்னோடு வருகிறார்.

இதை மேலே வைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார். நடுவில் அவர் கூப்பிட்டால் போனை எடு. எடுத்துவிட்டு, அவர் பேச ஆரம்பிக்கும் வரைக்கும் பேசாமல் இரு.

அம்மா